இரண்டு ஏஸ், எதிரே ஒன்பது பேர்

எல்லாம் ஒரு பெருக்கல் கணக்கில்தான் ஆரம்பித்தது. நண்பர்களோடு காசு இல்லாமல், வெறும் சில்லு வைத்து டெக்சாஸ் ஹோல்டம் ஆடிக்கொண்டிருந்தோம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து; இந்த ஏழில் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கு வெற்றி). எனக்கு இரண்டு ஏஸ். எதிரே ஐந்து பேர் சீட்டைக் கீழே வைக்காமல் கடைசிவரை வந்தார்கள். 7-5 வைத்திருந்தவர் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து எண்) காட்டி எல்லாச் சில்லையும் வாரிக்கொண்டு போனார். "ரெண்டு ஏஸ் வெச்சுக்கிட்டுத் தோக்கிறியேடா, அது 85 சதவீதக் கை" என்று பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

அந்த 85% ஒரே ஒரு ஆளுக்கு எதிராக. ஐந்து பேர் இருந்தால்? அன்று இரவே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேரையும் தனித்தனியே வெல்ல வேண்டும், எனவே 0.852ஐ ஐந்து முறை பெருக்கு: 0.449. மேசை நிறைய ஆள் இருந்து ஒன்பது பேரை வெல்ல வேண்டுமென்றால் 0.237. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். சரிபார்க்க ஒரு சின்ன நிரல் எழுதிவிடலாம் என்று பைத்தானைத் திறந்தேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தது இரண்டு வாரம் இழுத்தது. அதில் பாதி நேரம் இல்லாத ஒரு பிழையைத் தேடியதில் போனது. அதைத் தேடப் போய் உண்மையிலேயே இருந்த பிழைகள் அகப்பட்டன, அதுதான் லாபம்.

முதலில், எல்லா வாய்ப்பையும் ஒன்றுவிடாமல் எண்ணிவிட்டால் என்ன என்று யோசித்தேன். இருவர் ஆட்டம், இருவர் சீட்டும் தெரியும் என்றால் மீதி 48 சீட்டில் 5 பொதுச் சீட்டு விழும் வழிகள் 17,12,304. இது கணினிக்கு ஒன்றுமே இல்லை. எதிராளியின் சீட்டு தெரியாது என்றால் அவருக்கு 1,225 விதமான கை வரலாம். மொத்தம் சுமார் 210 கோடி. இதையும் பொறுமையாக ஓடவிட்டு முடித்துவிடலாம். சீட்டு தெரியாத எதிராளிகள் இரண்டு பேர் என்றால் சுமார் 95 ஆயிரம் கோடி. மூன்றாவது ஆளைச் சேர்த்தபோது தாளை மூடிவைத்துவிட்டேன். ஒன்பது பேருக்கு வரும் எண்ணை எழுதிப் பார்க்கக்கூட மனமில்லை.

எனவே மான்டி கார்லோ. எல்லா வாய்ப்பையும் எண்ணாமல், சீட்டைக் கலைத்துப் போட்டுப் போட்டு, எத்தனை முறை ஜெயித்தோம் என்று பார்ப்பது. இந்த முறைக்கும் சீட்டாட்டத்துக்கும் உள்ள உறவு எனக்குப் பிடித்தமானது. 1946இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறி வரும் நாட்களில் சாலிட்டேர் என்ற, தனியாக ஆடும் சீட்டாட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டம் வெற்றியாக முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரத்தால் கண்டுபிடிக்க முயன்று சலித்து, நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் போதாதா என்று யோசித்தார். அதை இன்னொரு கணிதவியலாளரான வான் நியூமனோடு சேர்ந்து அணு ஆய்வுக் கணக்குகளுக்குக் கொண்டுபோனார். சீட்டிலிருந்து போன முறையைச் சீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

எத்தனை முறை ஆட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும். 10,000 முறை ஆடினால் விடையில் ஏறத்தாழ 1% இப்படி அப்படி இருக்கலாம். 10 லட்சம் முறை ஆடினால் அது 0.1% ஆகக் குறையும். நூறு மடங்கு உழைத்தால் பத்து மடங்கு துல்லியம் என்பது கொஞ்சம் கசப்பான பேரம்தான். ஆனால் இதில் ஒரு நல்லது உண்டு: எதிரே ஒருவர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் தேவையான முறைகள் ஏறக்குறைய அதே அளவுதான். கூடுதல் ஆட்களுக்குச் சீட்டுப் போடும் நேரம் மட்டும்தான் கூடும்.

அடுத்து, கையை மதிப்பிடும் பகுதி. ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏழில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 21 வழி. பத்துப் பேர் இருந்தால் ஒரு ஆட்டத்துக்கு 210 மதிப்பீடு. ஆமை வேகம், ஆனால் எழுத எளிது. அதைத்தான் முதலில் எழுதினேன். பின்னால் வேகமான ஒன்றையும் எழுதினேன்: ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை, ஒவ்வொரு சின்னத்துக்கும் 13 பிட் கொண்ட ஒரு எண், ஸ்ட்ரெயிட் இருக்கிறதா என்று பார்க்க 8,192 வரிசை கொண்ட ஒரு அட்டவணை. மெதுவானதைத் தூக்கிப் போடவில்லை. இரண்டுக்கும் ஒரே லட்சம் கைகளைக் கொடுத்து, ஒரு கையில்கூட வேறு விடை வரக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். மெதுவானது நடுவராக உட்கார்ந்துவிட்டது.

ஆனால் நடுவரே தப்பாக இருந்தால்? அதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். ஏழு சீட்டுக் கைகள் மொத்தம் 13,37,84,560. அதில் எந்த வகை எத்தனை என்பது கச்சிதமாக எண்ணப்பட்டிருக்கிறது. ஒரு ஜோடி 43.8%, இரண்டு ஜோடி 23.5%, ஒன்றுமே இல்லாதது 17.4%, மூன்று ஒரே எண் 4.83%, ஸ்ட்ரெயிட் 4.62%, ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து) 3.03%, ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்) 2.60%, நான்கு ஒரே எண் 0.168%, ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் (ராயலும் சேர்த்து) 0.031%. என் நிரலை ஓடவிட்டு இதோடு ஒப்பிட்டேன்.

ஸ்ட்ரெயிட் 4.2ஐ ஒட்டி நின்றது. இது உடனே பிடிபட்டது: ஏஸ்-2-3-4-5ஐ விட்டுவிட்டேன். ஏஸை 14 என்று வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்திருக்கும் தப்பு.

ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் இன்னும் சுவாரசியம். ஒரு லட்சம் கையில் 31 வாக்கில் வர வேண்டியது நூற்றைத் தாண்டியது. ஏழு சீட்டில் ஃப்ளஷ் இருக்கிறதா, இருக்கிறது. ஸ்ட்ரெயிட் இருக்கிறதா, இருக்கிறது. அப்படியானால் ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் என்று எழுதியிருந்தேன். ஃப்ளஷுக்கு உரிய ஐந்து சீட்டும் ஸ்ட்ரெயிட்டுக்கு உரிய ஐந்தும் வேறு வேறாக இருக்கலாமே! 21 வழி பார்க்கும் மெதுவான நிரலில் இந்தத் தப்பு வர வழியில்லை, வேகமானதில்தான் நுழைந்தது. ஒரு லட்சம் கை ஒப்பீட்டை அன்று ஒழுங்காக ஓடவிட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். சோம்பேறித்தனம்.

மூன்றாவது, மூன்று ஜோடி. ஏழு சீட்டில் 9-9, 6-6, 4-4, அதோடு ஒரு 2 இருந்தால் கை 9-9-6-6, ஐந்தாவதாக வரும் துணைச் சீட்டு 4. என் நிரல் துணைச் சீட்டை ஜோடி இல்லாதவற்றில் மட்டும் தேடியதால் 2ஐ எடுத்துக்கொண்டது. இது மேலே சொன்ன பட்டியலில் தெரியவே தெரியாது, ஏனென்றால் வகை சரிதான், இரண்டு ஜோடி. இருவரும் இரண்டு ஜோடி காட்டி மோதும்போது மட்டும் தீர்ப்பு மாறும். ஆள் கூடக்கூட இப்படி மோதல்களும் கூடும் என்பதால், நான் தேடிய கணக்குக்கு இது முக்கியம்.

இவ்வளவும் திருத்திவிட்டு இரண்டு ஏஸை ஒரு ஆளுக்கு எதிரே ஓட்டினேன்: 85ஐச் சுற்றி வந்தது. ஒன்பது பேருக்கு எதிரே: 31 சொச்சம். தாளில் இருந்தது 23.7. ஏழு சதவீத வித்தியாசம். பத்து லட்சம் முறை ஆடிய பிறகு அது அதிர்ஷ்டத்தால் வந்திருக்க முடியாது. நிரலில்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். தாளைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

முதல் சந்தேகம், சமமாக முடியும் ஆட்டங்கள் மேல். பார்த்தால் உண்மையிலேயே அங்கே ஒரு பிழை: "என் கை எதிராளியுடையதைவிடப் பெரியது அல்லது சமம் என்றால் வெற்றி" என்று எழுதியிருந்தேன். பாதியாகப் பிரிய வேண்டியதை முழுதாக எனக்கே எழுதிக்கொண்டிருக்கிறது நிரல். இதைப் பிடித்த சோதனை எளிமையானது, யாருக்கும் சிபாரிசு செய்வேன். பத்துப் பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுப் போட்டு, ஒவ்வொருவர் பங்கையும் அதே விதிப்படி கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். கூட்டல் சரியாக 100 வர வேண்டும். எனக்கு 100ஐத் தாண்டியது. மேசையில் இல்லாத சில்லை யாரோ அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். மூவர் சமம் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று மாற்றியதும் கூட்டல் 100இல் நின்றது.

இரண்டு ஏஸுக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை. ஒரு ஆளுக்கு எதிரே நேரடி வெற்றி 84.9%, சமம் 0.5%தான், பங்கு 85.2. மட்டமான கைகளில்தான் இது உறைக்கும். 7-2ஐ எடுத்தால் ஒரு ஆளுக்கு எதிரே கிட்டத்தட்ட 6% ஆட்டங்கள் சமமாக முடிகின்றன. (இடையே ஒரு செய்தி: 7-2தான் உலகத்திலேயே மோசமான கை என்று எல்லோரும் சொல்வார்கள். இருவர் ஆட்டத்தில் அதைவிட மோசம் வேறு வேறு சின்னத்தில் உள்ள 3-2. அதன் பங்கு 32 சொச்சம். 7-2க்கு 34 சொச்சம்.)

அடுத்த சந்தேகம் சீட்டுக் கலைப்பு மேல். நான் எழுதியிருந்த கலைப்பு: ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, 52 இடத்தில் ஏதோ ஒன்றோடு மாற்றிப் போடு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். மூன்று சீட்டில் செய்து பாருங்கள்: 3 × 3 × 3 = 27 வழிகள், ஆனால் வரிசைகள் 6தான். 27ஐ 6ஆல் சமமாகப் பங்கிட முடியாது. மூன்று வரிசைகள் ஐந்து முறையும் மற்ற மூன்று நான்கு முறையும் வரும். 52 சீட்டிலும் இதே கோணல்தான். சரியான முறை ஃபிஷர், யேட்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் 1938இல் எழுதியது: மாற்றிப் போடும்போது இன்னும் தொடாத இடங்களிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். 1999இல் ஒரு இணையப் போக்கர் மென்பொருள் தன் கலைப்பு முறையைத் தானே வெளியிட்டு, அதில் இப்படிப்பட்ட கோணலும், ஊகித்துவிடக்கூடிய தொடக்க எண்ணும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சில சீட்டுகளைப் பார்த்ததும் மீதிச் சீட்டுக்கட்டையே சொல்லிவிட முடிந்தது. என் பிழை அவ்வளவு ஆபத்தில்லை, மாற்றிவிட்டேன். கூடவே ஒரு நன்மை: என் இரண்டு சீட்டு தெரிந்திருக்கும்போது ஒன்பது பேருக்கு 18, நடுவில் 5, ஆக 23 சீட்டு போதும். எனவே 23 படியோடு கலைப்பை நிறுத்திவிடலாம். நேரம் பாதியாகக் குறைந்தது.

மீண்டும் ஓட்டினேன். 31.1.

இந்த இடத்தில் இரண்டு நாள் நிரலைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் திரையில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். நடுவில் விழுந்த ஐந்தில் ஒரு ஏஸ், மற்ற நான்கும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஒன்பது பேரும் ஒன்றாகத் தோற்றிருந்தார்கள். அடுத்த ஆட்டம்: நடுவில் நான்கு ஹார்ட்டின், என் ஏஸ் இரண்டும் கறுப்பு. நான்கு பேர் என்னை அடித்திருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. எதிராளிகள் தனித்தனி ஆட்டம் ஆடவில்லை. எல்லோருக்கும் நடுவில் அதே ஐந்து சீட்டு. எனக்கு நல்லதாக விழுந்தால் எல்லோருக்கும் எதிராக நல்லது. கெட்டதாக விழுந்தால் எல்லோருக்கும் எதிராகக் கெட்டது. பெருக்கல் செய்யும்போது ஒவ்வொரு எதிராளிக்கும் புதிதாக ஐந்து சீட்டு போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை ஒரு பொம்மைக் கணக்கில் பார்க்கலாம். பாதி நேரம் நடுச்சீட்டு எனக்கு நல்லது, அப்போது ஒரு ஆளை வெல்லும் வாய்ப்பு 95%. பாதி நேரம் கெட்டது, அப்போது 75%. சராசரி 85%. ஒன்பது பேரை வெல்ல வேண்டும் என்றால் நல்ல பாதியில் 0.95ஐ ஒன்பது முறை பெருக்கு: 0.630. கெட்ட பாதியில் 0.75ஐ ஒன்பது முறை: 0.075. இரண்டின் சராசரி 0.353. நேராக 0.85ஐ ஒன்பது முறை பெருக்கினால் 0.232. சராசரி எடுத்துவிட்டுப் பெருக்குவதும், பெருக்கிவிட்டுச் சராசரி எடுப்பதும் ஒன்றில்லை. தாள்தான் தப்பு, நிரல் சரி.

இங்கே நிறுத்தியிருந்தால், பெருக்கல் எப்போதும் நம் பங்கைக் குறைத்துக் காட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அது அரைகுறை. ஃப்ளாப், அதாவது நடுச்சீட்டில் முதல் மூன்று, விழுந்த பிறகு எதிர்த்திசையில் ஒரு இழுப்பு வருகிறது. எனக்கு இரண்டு ராஜா என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாப்பில் ஏஸ் விழும் வாய்ப்பு 22.6%. ஒரே ஒரு ஏஸ் விழுந்துவிட்டது, எதிரே யாரிடமாவது இன்னொரு ஏஸ் இருக்கிறதா? நான் பார்க்காத சீட்டு 47, அதில் ஏஸ் 3. ஒரு ஆளிடம் இருக்கும் வாய்ப்பு 12.5%. ஒன்பது பேரில் யாரிடமாவது என்றால், பெருக்கல் சொல்வது 69.9%. உண்மை 77.5%. ஐந்து பேர் என்றால் பெருக்கலில் 48.7%, உண்மையில் 52.1%.

காரணம் எளிது. முதல் ஆளிடம் ஏஸ் இல்லை என்றால் அந்த மூன்று ஏஸும் மீதிச் சீட்டுகளுக்குள் நெருக்கமாகின்றன, அடுத்தவரிடம் இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் ஏறுகிறது. கணக்கிட நிரலே வேண்டாம்: ஒன்பது பேர் கையில் 18 சீட்டு, மீதி 29. மூன்று ஏஸும் அந்த 29க்குள் அடங்கும் வாய்ப்பு 29 × 28 × 27ஐ 47 × 46 × 45ஆல் வகுத்தால் கிடைக்கும்: 0.225. அதை 1இலிருந்து கழித்துக்கொள்ளலாம். மூன்று பேர் என்றால் 41 × 40 × 39. அப்போது யாரிடமாவது ஏஸ் இருக்கும் வாய்ப்பு 34.3%. இதெல்லாம் கண்ணை மூடிச் சீட்டுப் போட்ட கணக்கு. நிஜ மேசையில் ஏஸ் வந்தவர் சீட்டைக் கீழே வைக்க யோசிப்பார், எனவே அபாயம் இன்னும் அதிகம்.

ஆக, நடுச்சீட்டு தெரியாதபோது எதிராளிகள் ஒன்றாகத் தோற்கிறார்கள், ஒன்றாக ஜெயிக்கிறார்கள். நடுச்சீட்டு தெரிந்த பிறகு ஒரே சீட்டுக்கட்டைப் பங்கிட்டுக்கொள்வதால் ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கிறது. ஃப்ளாப்புக்கு முன் முதல் இழுப்புதான் பலமானது.

சந்தேகம் தீர்ந்ததும் மற்ற கைகளையும் ஓட்டினேன். இரண்டு ஏஸின் பங்கு, எதிரே 1, 2, 3, 5, 9 பேர் என்ற வரிசையில்: 85.2, 73.4, 63.9, 49.2, 31.1. இரண்டு ராஜா: 82.4, 68.9, 58.2, 43.0, 26.1. வெறும் சதவீதத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஒன்பது பேருக்கு எதிரே மூன்றில் இரண்டு முறைக்கு மேல் ஏஸ் தோற்கிறது! ஆனால் பத்துப் பேரில் ஒருவரின் நியாயமான பங்கு 10%. எல்லோரும் ஒரு சில்லு போட்டால், ஒன்பது பேருக்கு எதிரே இரண்டு ஏஸ் சராசரியாக 3.11 சில்லைத் திருப்பித் தருகிறது. ஒரு ஆளுக்கு எதிரே 1.70தான். அடிக்கடி தோற்று, அதிகம் சம்பாதிக்கும் கை. எல்லோரும் கடைசிவரை வந்தால்தான் இந்தக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னை ஆச்சரியப்படுத்தியது ஏஸ்-ராஜா. ஒரு ஆளுக்கு எதிரே, ஒரே சின்னமாக இருந்தால் 67, வேறு வேறு சின்னமாக இருந்தால் 65. ஒன்றரை, இரண்டு சதவீதம், விட்டுத்தள்ளலாம். ஒன்பது பேருக்கு எதிரே 20.7, 17.2. அதே வித்தியாசம் இப்போது பங்கில் ஐந்தில் ஒன்று. கூட்டத்தில் ஒற்றை ஜோடி தாங்காது, ஃப்ளஷ் தாங்கும்.

அப்புறம் ஃப்ளாப் கணக்கு. இதில் ஒரு கையை முழுசாகக் கையால் எண்ணி நிரலோடு மோதவிட்டேன். என்னிடம் ஹார்ட்டின் ஏஸ், ஹார்ட்டின் ஜாக்கி. ஃப்ளாப்: ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 8, கிளாவர் 3. எதிரே ஒருவரிடம் ஸ்பேட் ராஜாவும் ராணியும், இன்னொருவரிடம் டைமண்ட் 8, கிளாவர் 8. மூவரும் சீட்டைத் திறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளஷுக்கு ஒன்பது ஹார்ட்டின் பாக்கி. மேசையில் எல்லோரும் சொல்லும் வாய்ப்பாடு, இரண்டு சீட்டு பாக்கி இருந்தால் நான்கால் பெருக்கு: 36%. எதிராளிகளின் சீட்டைக் கணக்கில் எடுக்காமல் துல்லியமாகப் போட்டால் 35.0%.

இப்போது எட்டு வைத்திருப்பவரைப் பாருங்கள். நடுவில் ஏதாவது ஜோடி விழுந்தால் அவருக்கு ஃபுல் ஹவுஸ், என் ஃப்ளஷ் செத்தது. எனவே ஹார்ட்டின் 3 எனக்கு உதவாது. அது வந்தால் நான் ஃப்ளஷ் ஆகும் அதே நொடியில் அவர் ஃபுல் ஹவுஸ் ஆகிறார். ஒன்பது எட்டானது. அந்த எட்டில் ஒன்று வந்து, மற்றொரு சீட்டு ராஜா, 8, 3 எதுவாகவும் இல்லாமல், முதல் சீட்டோடு ஜோடி சேராமலும் இருக்க வேண்டும். மீதி 43 சீட்டில் இரண்டு விழும் வழிகள் 903. இரண்டுமே ஹார்ட்டின்: 28. ஒன்று ஹார்ட்டின், ஒன்று வேறு: 8 × 29 = 232, அதில் ஒரே எண்ணாக ஜோடி சேர்பவை 23, மீதி 209. மொத்தம் 237. அதாவது 26.2%.

நிரல் 903 வழியையும் ஓட்டிவிட்டு 243 என்றது.

பழைய கதைதான், நிரலைத்தான் முறைத்தேன். அந்த ஆறு எவை என்று அச்சிடச் சொன்னேன். டைமண்ட் ராணி, ஸ்பேட் 10. டைமண்ட் ராணி, கிளாவர் 10. ஹார்ட்டின் இல்லாத ராணியும் 10உம் சேர்ந்து விழுந்தால், என் ஏஸ், ஜாக்கி, நடு ராஜாவோடு ஏஸ் வரை ஸ்ட்ரெயிட். ராணி 2 × பத்து 3 = 6. ஃப்ளஷையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது படவில்லை. 243ஐ 903ஆல் வகுத்தால் 26.9%.

35இலிருந்து 27க்கு இறங்கியது வாய்ப்பாட்டில் வராத இழப்பு. அப்படியானால் கட்டுவதா, விடுவதா? அது நடுவில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுவில் 90 சில்லு. முதலாமவர் மீதி 60ஐயும் போட்டுவிட்டார், இரண்டாமவரும் 60 கட்டினார். நானும் கட்டினால் மொத்தம் 270. அதில் என் 60 என்பது 22.2%. என் பங்கு 26.9, தாராளமாகக் கட்டலாம், சராசரி லாபம் 12 சில்லுக்கு மேல். அதே 26.9% பங்கை வைத்துக்கொண்டு இரண்டாவது ஆளின் 60 மட்டும் இல்லாமல் போனால் தேவை 60ஐ 210ஆல் வகுத்தது, 28.6%. கட்டக்கூடாது. உள்ளே வரும் ஒவ்வொருவரும் பங்கைத் தின்கிறார், விலையையும் குறைக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்ப்பதுதான் மேசையில் நான் அதிகம் செய்து வந்த தப்பு.

கடைசியாக, எதிராளிகளுக்குக் கண்ணை மூடிச் சீட்டுப் போடுவதை நிறுத்த வேண்டியிருந்தது. கடைசிவரை வருகிறவர் எதையோ வைத்துக்கொண்டுதான் வருகிறார். அவரவர் எந்தெந்தக் கைகளோடு வருவார் என்று ஒரு ரேஞ்ச் கொடுத்து, அதிலிருந்து சீட்டெடுக்கும்படி மாற்றினேன். இங்கேதான் இந்த வேலையிலேயே மிக நுட்பமான பிழை. முதலாமவருக்கு அவர் ரேஞ்சிலிருந்து ஒரு கை. இரண்டாமவருக்கு அவர் ரேஞ்சிலிருந்து ஒரு கை. ஒரே சீட்டு இருவரிடமும் வந்துவிட்டால் இரண்டாமவருக்கு மட்டும் மறுபடி எடு. தப்பு என்று யாருக்குத் தோன்றும்?

சின்னதாக ஒரு சோதனை. முதலாமவரிடம் இரண்டு ஏஸ் அல்லது இரண்டு ராஜா. இரண்டாமவரிடம் இரண்டு ஏஸ் மட்டுமே. முதலாமவரிடம் ஏஸ் இருக்கும் வாய்ப்பு என்ன? என் நிரல் 50% என்றது. எண்ணிப் பார்த்தால், இருவரிடமும் ஏஸ் என்பது 6 வழி: முதலாமவர் எந்த இரண்டை எடுத்தாலும் மற்றவருக்கு மீதி இரண்டுதான். ராஜாவும் ஏஸும் என்றால் 6 × 6 = 36 வழி. எனவே 42இல் 6, அதாவது 14.3%. மோதல் வந்தால் இரண்டாமவர் சீட்டை மட்டும் மாற்றுவது போதாது. மொத்தப் பங்கீட்டையும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். அப்படி மாற்றியதும் 14.3 வந்தது. ஆள் அதிகமாகி ரேஞ்ச் குறுகக் குறுக எறிவதும் அதிகமாகிறது. குறுகிய ரேஞ்ச் உள்ளவருக்கு முதலில் போட்டால் மோதல் சீக்கிரமே தெரிந்துவிடும், நேரம் மிச்சம். விடை மாறாது.

அடுத்த ஆட்டத்துக்கு முன் அந்த நண்பனிடம் 49.2ஐக் காட்டினேன். "அஞ்சு பேர்னா பாதிகூட இல்லையா?" என்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "அப்போ கூட்டத்தை உள்ளே விடவே கூடாது." 3.11 கணக்கையும் காட்டுவதற்குள் சீட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அன்று மூன்றாவது சுற்றோ நான்காவதோ, அவன் திடீரென்று தன் சில்லு முழுவதையும் நடுவில் தள்ளினான். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சீட்டைக் கீழே வைத்தோம். அவன் இரண்டு ஏஸைத் திறந்து காட்டிவிட்டு, கட்டாயப் பந்தயமாக நடுவில் கிடந்த மூன்று சில்லை எடுத்து எண்ணினான்.